கேட்கிறது, ஆனால் புரியவில்லை: பாட்டு, செய்தி, நம் காது

செம்பூர் பைரவி

சர்க்கரை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், கண்ணாடி பவர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். காதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மும்பையில் இருக்கும் நம்மவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டைக் கேட்டே வளர்ந்த கூட்டம் நாம். இருப்பதோ ஓயாமல் இரைகிற ஊர்.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மாட்டுங்காவில் வளர்ந்தவர். சண்முகானந்தா ஹால் 1963 இல் வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து கேட்டதை இன்றைக்கும் ராகம் ராகமாகச் சொல்வார். 1990 இல் ஹாலில் தீப்பிடித்து, மறுபடி 1998 இல் திறக்கும் வரை, பஜனை மடம், கோயில், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று எங்கே கச்சேரி நடந்தாலும் தேடிப் போனவர். அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாக "கச்சேரியா, வேண்டாம்மா, நீ போய்ட்டு வா" என்கிறார். கேட்டால் குறை மட்டும் வருகிறது. பாடகருக்கு உச்சரிப்பு சரியில்லை. வயலின் எடுபடவில்லை. "இப்போ வர்ற மிருதங்கக்காரர்கள் எல்லாம் தொப்பியை மட்டும் தட்டுறாங்க, வலந்தலை பக்கமே கை போகல" என்றார் ஒரு நாள். (தொப்பி என்பது மிருதங்கத்தின் கனத்த ஓசை தரும் இடது பக்கம், வலந்தலை கணீரென்ற வலது பக்கம்.)

எனக்கு அந்த வார்த்தைதான் உறைத்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வலந்தலை கணீரென்று கேட்டது.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் பொத்தானை டக் டக்கென்று அழுத்தினார். சுருதி ஏற ஏற அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் கவனம் குறையவே இல்லை, அடுத்த ஒலிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒலி போய்க்கொண்டுதான் இருந்தது.

கையில் கொடுத்த ஆடியோகிராம் வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடும் மேலேயே போகின்றன. 2000 தாண்டியதும் சரிவு, 4000, 8000 இல் பாதாளம். வயதானால் முதலில் போவது மேல் சுருதிதானாம். கீழ்ச் சுருதி அப்படியே இருப்பதால் "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று அவரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். உயிரெழுத்தின் ஓசை காதில் விழுந்துவிடுகிறது. ச, த, க, ஸ போன்ற மெல்லிய வெடிப்பும் உரசலும் விழுவதில்லை. அதனால்தான் "கேக்குது, ஆனா புரியல". குழந்தைகள் பேச்சும் பெண்கள் பேச்சும் முதலில் கைவிட்டுப் போவதற்கும் காரணம் இதுதான். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி என்ற கனத்த ஓசை நிற்கிறது, வலந்தலையின் மினுமினுப்பு போய்விடுகிறது.

இதெல்லாம் தெரியாமல் எத்தனை வீட்டில் பெரியவர்களிடம் "காது கொடுத்துக் கேக்க மாட்டீங்களா" என்று எரிந்து விழுகிறோம். உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள். நம் வயதுக்காரர்கள் உங்கள் காதைப் பற்றியும் எழுதுங்கள்.

---

டோம்பிவிலி ஃபாஸ்ட்

அக்கா, படித்ததும் கையிலிருந்த இயர்போனைப் பையில் வைத்துவிட்டேன்.

காலையில் டோம்பிவிலியில் ஏறினால் சிஎஸ்எம்டி வரை காதில் பாட்டுதான். அது இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும், அதை வீட்டு டிவியில் கேட்க முடியாது, காதுக்குள் கேட்டால்தான் தெரியும். ரஹ்மான் பாட்டில் ஒரு மூலையில் மெல்லிசாக ஏதோ ஒன்று வந்து போகும், அதுவும் அப்படித்தான். ஆனால் வண்டி கிளம்பியதும் தடதட சத்தத்தில் அதெல்லாம் அமுங்கிவிடும். உடனே வால்யூமை ஏற்றுவோம். தாணே வரும்போது "இந்த அளவு கேட்டால் காதுக்குக் கெடுதல்" என்று போன் எச்சரிக்கும். சரி என்று தட்டிவிட்டு இன்னும் ஏற்றுவோம். எங்கள் பெட்டியில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

எவ்வளவு வைத்தால் பரவாயில்லை? யாராவது கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாணே ஆடியாலஜி

கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019 இல் வகுத்த அளவு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைந்துவிடும். 83 என்றால் வாரத்துக்கு 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. வால்யூம் பட்டனில் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. காதுக்கோ ஒரு வாரக் கோட்டா ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற எலும்பில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுபவை அவைதான். பிறக்கும்போது கொண்டு வந்ததோடு சரி. செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது. கச்சேரியோ டிஜேயோ கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கிறது, 'ங்ஙீ' என்று இரைகிறது என்றால், அவை களைத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். மறுநாள் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவோம். அடிக்கடி நடந்தால் ஒரு நாள் சரியாகாமலே போகும்.

டோம்பிவிலி தம்பி, ரயிலில் கேட்க வேண்டும் என்றால் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் உதவும். வெளி இரைச்சல் அடங்கினால் வால்யூமை ஏற்றத் தேவையே வராது. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பிளாட்பாரத்தில் நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் காதில் எதுவும் இருக்கக் கூடாது. (தண்டவாளத்தைக் கடக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.)

---

முலுண்ட் லயம்

பைரவி அம்மா, உங்கள் அப்பா சொன்ன வலந்தலை விஷயத்தைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. நான் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன். 'தீம்', 'நம்', 'சாப்பு' இதெல்லாம் வலந்தலை நடுவில் பூசிய அந்தக் கருப்பு சோற்றுக்கு மேலே எழும்புகிற மேல் சுருதிகளால்தான் அழகு. அவை போய்விட்டால் சாப்புக்கும் சாதாரணத் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரசிகர் குறை சொன்னால் வித்வானைத்தான் நாம் சந்தேகப்படுவோம். இனிமேல் எனக்கு அந்த எண்ணம் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிரச்சினை பாதி ரசிகர் காதில் என்றால் மீதி பாதி ஒலிபெருக்கியில். மைக் வருவதற்கு முன்னால் மேடைக்கு வந்தவர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடினார்கள். கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேறு வழி கிடையாது. மைக் வந்தபிறகு ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிதானமாகப் பாடலாம், மெல்லிய கமகத்தையும் காட்டலாம் என்று ஆயிற்று. சங்கீதத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம். இப்போது அதே மைக்கால் மென்மை எல்லாம் போய்விட்டது. முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் மூவாயிரம் பேருக்கான ஸ்பீக்கர். மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக். தொப்பியை மெதுவாகத் தொட்டால்கூட நெஞ்சில் இடிக்கிறது. மேடையில் வாசிப்பவர்களுக்கே கேட்பதற்காக எங்கள் பக்கம் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அதற்கு மேல். கஞ்சிராக்காரர் எனக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் ஏற்றுங்கள் என்பார். வயலின்காரர் தனக்கும் என்பார். பாடகர் கடைசியில் எல்லோருக்கும் மேலே. தனி ஆவர்த்தனம் முடிந்து இறங்கினால் காதில் ரீங்காரம்.

இதை எந்தச் சபாவிடம் சொன்னாலும் "பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கணுமே சார்" என்பதுதான் பதில். சின்ன மண்டபத்தில் ஸ்பீக்கரே இல்லாமல் நடந்த கச்சேரியும் வாசித்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் சபைக்குப் பழக்கமில்லாத மாதிரி இருக்கும். அப்புறம் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க ஆரம்பிப்பார்கள். தம்பூரா தனியாகக் கேட்கும். வயலின் வில் நரம்பில் இறங்குகிற இடம் கேட்கும்.

---

90 அடி ரோடு

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். தாராவியிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்தில் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். நான் தமிழும் இந்தியும் கலந்து ராப் எழுதிப் பாடுகிறேன்.

எங்கள் சந்தில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. கணபதிக்கு டோல் தாஷா மேளம், அப்புறம் நவராத்திரி, நம் கோயில் கொடை, கல்யாணம். டோல் அடிக்கும் பையன்களில் பாதிப் பேர் என் கூட்டாளிகள். பிராக்டிஸே மாதக்கணக்கில் நடக்கும். ஒருத்தனாவது காதில் எதையும் வைத்துக்கொண்டு பார்த்ததில்லை. நான் ஸ்டேஜ் ஏற ஆரம்பித்தபிறகு இசைக்காரர்களுக்கென்றே இருக்கும் காதடைப்பான் வாங்கினேன். பஞ்சு மாதிரி இருப்பதை வைத்தால் மேல் சத்தம் அதிகமாக அடைபட்டு எல்லாம் கம்பளிக்குள் கேட்பது போல இருக்கும். இது எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும், சத்தம் மட்டும் இறங்கும். பசங்களிடம் காட்டினால் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தன் எங்கே வாங்கினாய் என்று தனியாக வந்து கேட்டான்.

நான் எழுத வந்தது வேறு. எங்கள் அத்தைக்கு டிபி. சாதாரண மருந்துக்கு அடங்காத வகை. சில வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஊசி போட்டார்கள், கானமைசின் என்று பெயர். நோய் குணமாகிவிட்டது, அந்த டாக்டர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் காது போய்விட்டது. ஊசி போடும்போதே காதில் இரைச்சல் என்று அத்தை சொன்னாள். நோய் பலவீனம் என்று நாங்கள் நினைத்தோம். காதை நடுநடுவே பரிசோதிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அத்தை வேலை பார்த்த வீடுகளில் காலிங் பெல்லும் போனும் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஹெட்போனால் காது போனதை எல்லோரும் பேசுகிறார்கள், மருந்தால் போனதையும் பேசுங்கள்.

---

தாணே ஆடியாலஜி

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. கானமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் எல்லாம் ஒரே குடும்பம். உயிரைக் காக்கும் மருந்துகள், ஆனால் உள்காதின் மயிரணுக்களைக் கொல்லக்கூடியவை. முதலில் அடிபடுவது மேல் சுருதி என்பதால் நோயாளிக்கே தெரியாமல் தொடங்கிவிடும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் அப்படித்தான். மருந்துக்கு எதிர்ப்புக் காட்டும் டிபிக்கு இப்போது பெரும்பாலும் ஊசி இல்லாமல் பெடாகுயிலின் போன்ற மாத்திரைகளே கொடுக்கிறார்கள். இப்படி மருந்து எடுப்பவர்கள் காதில் இரைச்சல் என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது.

அத்தைக்கு: பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. 1983 இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். காது, பேச்சு இரண்டுக்கும் அங்கே பார்ப்பார்கள். வருமானம் குறைவாக இருந்தால் ஏடிஐபி என்ற மத்திய அரசு உதவித் திட்டத்தில் காது மிஷின் கிடைக்க வழி உண்டு. ஆதார், வருமானச் சான்று, பழைய ரிப்போர்ட் எல்லாம் கொண்டு போங்கள். ஊனமுற்றோருக்கான யூடிஐடி அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

---

வாஷி பெரியவர்

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. வயதானால் முடி நரைக்கும், பல் விழும், காது மந்தமாகும். எங்கள் அப்பாவுக்கு எண்பது வயதில் சுத்தமாகக் கேட்காது. சந்தோஷமாகத்தான் இருந்தார். எல்லாவற்றையும் நோய் என்று சொல்லி மிஷினும் டெஸ்டும் விற்கிற காலம் இது.

சத்தத்தையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்லாதீர்கள். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் ரஜினி படம் முதல் காட்சி பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே மேளம், உள்ளே விசில், திரையில் பேர் வரும்போது ஒரு வசனமும் காதில் விழாது. வேற்று ஊரில் வாழ்கிற நமக்கு அந்த இரண்டரை மணி நேரம்தான் சொந்த ஊர். அதையும் டெசிபல் போட்டு அளந்தால் என்ன மிச்சம்?

---

செம்பூர் பைரவி

மாமா, அரோரா விசில் என் நெஞ்சிலும் இருக்கிறது. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு முறை வருகிற கொண்டாட்டமும் தினமும் காதில் இறங்குகிற இரைச்சலும் ஒன்றல்ல.

ஆனால் "சந்தோஷமாகத்தான் இருந்தார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். என் அப்பாவையும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். விசேஷ வீட்டில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலு பேர் சேர்ந்து பேசினால் யார் பேசுவது என்று முகம் முகமாகப் பார்ப்பார், எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிப்பார். பேரன் போனில் பேசினால் ஒரு நிமிஷத்தில் "அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்று கை மாற்றிவிடுவார். இதற்கு முன்னால் அவர்தான் போனை விடமாட்டார். சன்னமாக ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார், கச்சேரி அதில் கடைசி. இதை வயது என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் புரை விழுந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோமா?

---

தாணே ஆடியாலஜி

வாஷி சார் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. தேவையில்லாத மிஷினைத் தலையில் கட்டும் கடைகள் இருக்கின்றன. அதனால்தான் கடையில் போடும் இலவச கேம்ப்பை நம்பாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, முறையான அறையில் ஆடியோகிராம் எடுக்க வேண்டும் என்கிறேன். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே பாதி கேட்காது, அதை எடுத்தால் போதும்.

ஆனால் விட்டுவிடுவதற்கு விலை உண்டு. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையில், தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணங்களைச் சொல்கிறார்கள். காது மந்தம் அதில் முதல் வரிசையில் இருக்கிறது. மிஷின் போட்டால் மறதியே வராது என்று யாரும் சொல்ல முடியாது. பேச்சு வார்த்தை குறைந்து மனிதர் ஒதுங்கிப்போவது மூளைக்கு நல்லதல்ல என்பதில் சந்தேகம் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காது மந்தம் கூடுதலாக வருவதும் தெரிந்த விஷயம். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது?

---

சயான் கோலிவாடா

டிவி செய்தியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டில் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ராத்திரி எட்டு மணி விவாதம். திரையில் ஆறு கட்டம், ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், நடுவில் நெறியாளர் எல்லோரையும் விட உரக்க. பின்னால் படபடவென்று ஒரு பின்னணி இசை வேறு. மாமனார் ஒலியை ஏற்றிக்கொண்டே போவார், புரியாது. இன்னும் ஏற்றுவார். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் கதவைத் தட்டுவார். ஒருவர் மீது ஒருவர் பேசுவதும் பின்னணியில் இசை ஓடுவதும்தான் காது குறைந்தவருக்கு மிகக் கஷ்டமான நிலை என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. இப்போது சப்டைட்டில் உள்ள செய்தியாகப் போட்டுக் கொடுக்கிறேன். அல்லது பேப்பரை நான் வாசித்துக் காட்டுகிறேன்.

டெல்லியிலிருந்து காலை ஏழேகாலுக்கு ஆகாசவாணி தமிழ்ச் செய்தி அந்தக் காலத்தில் வந்ததே, அதைக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." சிற்றலையில் கொரகொரவென்று இரைச்சல் வந்தாலும் ஒரு சொல்லும் தவறாது. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக வந்து விழும். போர்ச் செய்தியும் புயல் செய்தியும் அதே நிதானத்தில்தான். அவர் 2022 ஆகஸ்டில் இங்கே மும்பையில்தான் காலமானார். அன்றைக்கு மாமனார் "அந்தம்மா வாசிச்சா வேற யாரும் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்ல" என்றார். அவருக்கு அப்போதே கேட்கக் குறைந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

---

டோம்பிவிலி ஃபாஸ்ட்

செய்தி என்றதும் இன்னொன்று. இந்தி சினிமாப் பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூனில் போட்ட பதிவு நினைவிருக்கிறதா? விமானத்திலிருந்து இறங்கி நடந்தபோது திடீரென்று எதுவும் கேட்கவில்லை, வைரஸ் தாக்குதலால் காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார். தொண்ணூறுகளில் இந்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு அவர் குரல் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்த குரல். அவ்வளவு பெரிய பாடகிக்கே இப்படியா என்று கலங்கிப் போனோம். ரசிகர்களுக்கும் இளைய பாடகர்களுக்கும் அதிக சத்தத்தைப் பற்றியும் ஹெட்போனைப் பற்றியும் எச்சரித்திருந்தார். ஒரு நாள் பகிர்ந்தோம், மறுநாள் வேறு செய்தி.

---

தாணே ஆடியாலஜி

திடீரென்று ஒரு காதில் கேட்காமல் போனால் அது அவசர நிலை. சளி, தண்ணீர் புகுந்தது, அழுக்கு என்று வீட்டில் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பலன் மிகவும் குறைந்துவிடும். மாரடைப்புக்கு ஓடுவது போல அன்றைக்கே ஓடுங்கள்.

அப்புறம், நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுவது, ஹேர்பின், பட்ஸ், ஸ்டேஷன் வாசலில் சிவப்புத் தொப்பி போட்டுக் கம்பியோடு நிற்பவரிடம் காதைக் கொடுப்பது, இதெல்லாம் வேண்டாம். செவிப்பறை கிழிந்து வருபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

செம்பூர் பைரவி

அப்பாவுக்கு மிஷின் வாங்கியாயிற்று. பேச்சு நன்றாகக் கேட்கிறது. பேரனோடு போனில் சண்டை போடும் அளவுக்கு முன்னேற்றம். ஆனால் பாட்டு?

முதல் நாள் ஆசையாக ஒரு புல்லாங்குழல் ஒலிப்பதிவைப் போட்டோம். ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீண்ட கார்வை வரும்போதெல்லாம் ஸ்வரம் நடுங்குகிறது, இரட்டையாகக் கேட்கிறது என்றார். அப்புறம் வாய்ப்பாட்டு. "தம்பூராவே இல்லாமப் பாடறாங்களா?" என்று கேட்டார். இருந்தது, எனக்கு நன்றாகக் கேட்டது. மிஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். சுருதியே இல்லாமல் எதைக் கேட்பது என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆடியாலஜி சார், இதற்கு வழி இருக்கிறதா?

---

தாணே ஆடியாலஜி

இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது. காது மிஷின் பேச்சுக்காகவே செய்யப்பட்டது. காதுக்குள் 'கீ' என்று விசில் அடிக்காமல் தடுக்க ஒரு ஏற்பாடு உள்ளே உண்டு. புல்லாங்குழலின் நீண்ட கார்வையை அந்த விசில் என்று நினைத்து மிஷின் அதை அழிக்கப் பார்க்கிறது, அதனால்தான் நடுக்கம். ஏசி, மின்விசிறி மாதிரி ஒரே சீராக வரும் ஓசையை இரைச்சல் என்று குறைக்க இன்னொரு ஏற்பாடு. தம்பூராவும் ஒரே சீராக வருகிறது. மிஷினுக்கு அது மின்விசிறிதான்.

வாங்கின இடத்துக்குப் போய் இசைக்கென்று தனி நிரல் (புரோகிராம்) வைத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான டிஜிட்டல் மிஷின்களில் அந்த வசதி உண்டு. அந்த நிரலில் இரைச்சல் குறைப்பை அணைக்க வேண்டும், விசில் தடுப்பை அணைக்கவோ மெதுவாக்கவோ வேண்டும், ஒலியை அழுத்திச் சமப்படுத்துவதைத் தளர்த்த வேண்டும். கேட்காமல் யாரும் செய்து தரமாட்டார்கள். அப்பாவையும் கூட்டிப்போய், அவருக்குப் பழக்கமான ஒரு கச்சேரியைப் போனில் போட்டு, அங்கேயே கேட்டுக் கேட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரே தடவையில் அமையாது, பொறுமை வேண்டும்.

---

முலுண்ட் லயம்

தம்பூராவை இரைச்சல் என்று நினைக்கிற மிஷினா! இத்தனை வருஷம் சபாக்களில் நடப்பவன், இது எனக்குப் புதுச் செய்தி. எத்தனை மூத்த ரசிகர்கள் பாதிக் கச்சேரியில் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன், காரணம் இன்றைக்குத்தான் தெரிகிறது.

நாம் சேர்ந்து ஒன்று செய்யலாமா? நம் பகுதிச் சபாக்களுக்கு ஒரு கடிதம். ஒலி அளவைக் குறைக்க வேண்டும், முதல் இரண்டு வரிசையைக் காது குறைந்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும், பாடப்போகும் பாட்டின் பெயரையும் ராகத்தையும் திரையிலோ பலகையிலோ எழுத வேண்டும்.

---

வாஷி பெரியவர்

இதற்கு நான் சம்மதம். பலகை யோசனை எல்லோருக்குமே நல்லது. மாதத்தில் ஒரு கச்சேரியாவது ஸ்பீக்கர் இல்லாமல் நடத்த வேண்டும் என்பதையும் சேருங்கள். நானும் ஆடியோகிராம் எடுத்துப் பார்க்கிறேன், அதைத் தனியாக விசாரித்துக்கொள்கிறேன்.

---

90 அடி ரோடு

கடிதத்தில் சபாவோடு நிறுத்த வேண்டாம். கணபதி விழா நடத்தும் எங்கள் குழுவான மண்டலுக்கும் ஒன்று எழுதித் தாருங்கள், இந்தியிலும் மராத்தியிலும் நான் மாற்றிக்கொள்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று 2000 இல் வந்த ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது, எங்கள் பசங்களுக்கு அது தெரியாது. போலீஸ் வந்து நிறுத்தினால் கோபம் வரும். கூட்டாளி சொன்னால் கேட்பார்கள். டோல் அடிக்கும் பையன்களுக்குக் காதடைப்பான் வாங்க மண்டல் செலவிலேயே காசு ஒதுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

அத்தையைத் திங்கட்கிழமை பாந்த்ராவுக்குக் கூட்டிப் போகிறேன். வருமானச் சான்று தாசில்தார் ஆபீசில் வாங்க வேண்டுமா, இல்லை வேறு எதுவும் செல்லுமா?

---

தாணே ஆடியாலஜி

தம்பி, தாசில்தார் சான்று இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டாலும் திங்கட்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போடாதே, பரிசோதனைக்கு அது தேவைப்படாது. டிபி சிகிச்சையின் பழைய அட்டை, ஊசி போட்ட தேதிகள் உள்ள காகிதம் எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள். அத்தையோடு முகத்துக்கு நேராக நின்று பேசு, கத்த வேண்டாம், கொஞ்சம் மெதுவாக.

---

செம்பூர் பைரவி

கடிதத்தின் முதல் வரைவை இன்று இரவு இங்கே போடுகிறேன். முலுண்ட் சார், மேடை மானிட்டர் பற்றிய பத்தியை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அது எனக்குத் தெரியாத விஷயம். வாஷி மாமா, ஸ்பீக்கர் இல்லாத கச்சேரி என்ற கோரிக்கையை முதலிலேயே வைக்கிறேன். கோலிவாடா, எந்தச் செய்தியில் சப்டைட்டில் வருகிறது என்று எழுதுங்கள், அப்பாவுக்கு வேண்டும்.